கறுப்புக் குளியலறை, பட்டுத் துணி, நிலா வெளிச்சம்

முதலில் அந்தக் குளியலறையை எட்டிப் பார்த்துவிடுவோம். லண்டன் போர்ட்மன் சதுக்கத்தில் ஆர்ச்சர்ட் கோர்ட் என்று ஒரு பணக்கார அடுக்குமாடிக் கட்டடம். அதில் ஒரு ஃப்ளாட். அதன் குளியலறைச் சுவரெல்லாம் கன்னங்கரேலென்று கறுப்பு ஓடு. வருடம் 1943. ஊரே ரேஷன் புத்தகமும் கையுமாக வரிசையில் நிற்கிறது. இங்கே என்னடாவென்றால் குளியலறைச் சாமான்கூட ஓனிக்ஸ் கல்லில்! உள்ளே ஓர் இளம்பெண் உட்கார்ந்து நேரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். குளிக்க வந்தவர் இல்லை. அடுத்த அறையில் வேறொரு உளவாளி பேசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்துவிடக் கூடாது. பார்த்திருந்தால் பிடிபட்டு அடிபடும்போது வாய் தவறிச் சொல்லிவிடலாம் அல்லவா? அதனால்தான் இந்தக் கறுப்பு மறைவிடம்.

காலத்தின் காவல்காரர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து உங்களையும் இழுத்துக்கொண்டு நுழைந்திருக்கிறேன். வாசலில் நிற்கிற பார்க் என்ற பெரியவர் நம்மைப் பார்க்காத வரைக்கும் பிரச்சினை இல்லை. போருக்கு முன் பாரிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். வருகிற ஒவ்வொருவரின் புனைபெயரும் அவருக்கு மனப்பாடம். யாரை எந்த அறைக்கு அனுப்புவது, யாரை எந்தக் கதவுக்குப் பின்னால் தள்ளுவது என்பதில் மனிதர் பெரிய கெட்டிக்காரர்.

இந்த ஃப்ளாட் யாருடையது? 1940 ஜூலையில் பிரிட்டன் தொடங்கிய எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவுக்குச் சொந்தம். ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்கி, ரயில் பாதைகளைத் தகர்த்து, உள்ளூர் எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பது இவர்கள் வேலை. 1942-ல் பெண்களையும் அனுப்பலாம் என்று அனுமதி கிடைத்தது. பிரெஞ்சுப் பிரிவு மட்டும் 39 பெண்களை பிரான்ஸுக்குள் அனுப்பியது. கடைச் சிப்பந்தி, குழந்தைக் கதை எழுத்தாளர், அலுவலக உதவியாளர் என்று நேற்றுவரை அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இவர்களை உளவாளியாக்கிய ஒப்பனை அறைக்குள்தான் நாம் இப்போது திருட்டுத்தனமாக உலாவப் போகிறோம்.

வாருங்கள், ஆள் எடுக்கிற இடத்துக்குப் போவோம். நார்தம்பர்லாந்து அவென்யூவில் விக்டோரியா ஹோட்டல். ஒரு வெறும் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான் அலங்காரம். எதிரே உட்கார்ந்திருப்பவர் செல்வின் ஜெப்சன். துப்பறியும் கதை எழுதிப் பிழைத்தவர்! ஏதோ மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்துக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசிவிட்டு அவர் சட்டென்று பிரெஞ்சுக்குத் தாவுகிறார். அந்தப் பெண்ணும் தடுமாறாமல் தாவினால் பேச்சு நீள்கிறது. கடைசியில் விஷயத்தை உடைக்கிறார்: பிழைத்து வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. யோசித்து வந்து சொல்லுங்கள். வீட்டில் மூச்சு விடக் கூடாது.

பெண்களை அனுப்புவதா என்று மேலே இருந்தவர்கள் முகம் சுளித்தபோது ஜெப்சன் விடவில்லை. துணைக்கு ஆளில்லாமல், பதறாமல், தனியாக நின்று துணிகிற குணம் பெண்களுக்குத்தான் அதிகம் என்பது அவர் கட்சி. வீட்டாருக்குச் சொல்ல ஒரு பொய்யும் தயார். முதலுதவிச் செவிலியர் படையின் சீருடையை மாட்டிவிடுவார்கள். அம்மாவிடம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது கில்ட்ஃபோர்டு பக்கத்தில் வான்பரோ மேனர் என்ற பழைய மாளிகை. காலையில் ஓட்டம், பிறகு துப்பாக்கி, மோர்ஸ், வரைபடம். சாயங்காலம் ஆனால் தாராளமாக மது! அடடா, இந்தப் பயிற்சிக்கு நாமும் சேரலாம் போலிருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அதுவும் பரீட்சைதான். நாலு கோப்பை உள்ளே போனதும் யார் நாக்கு அவிழ்கிறது என்று ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். இரவும் விடுவதில்லை. தூக்கத்தில் யார் உளறுகிறார்கள், அதைவிட முக்கியமாக எந்த மொழியில் உளறுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள். பிரான்ஸில் ஆங்கிலத்தில் உளறினால் கதை முடிந்தது.

ஸ்காட்லாந்து மலைகளில் வெடிவைக்கக் கற்றுக்கொண்டு, சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கப் பழகி, முட்டியெல்லாம் சிராய்ப்போடு அடுத்த இடத்துக்கு வருகிறார்கள். மான்செஸ்டர் அருகே ரிங்வே. அண்ணாந்து பாருங்கள், ராட்சச பலூனில் தொங்குகிற கூண்டிலிருந்து ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள். வயலெட் சாபோ என்ற 22 வயதுப் பெண்ணுக்கு பாராசூட் பயிற்சியில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. போருக்கு முன் பிரிக்ஸ்டனில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். கணவர் எல் அலமைனில் கொல்லப்பட்டுவிட்டார், வீட்டில் கைக்குழந்தை. ஆனாலும் கால் தேறியதும் திரும்பி வந்து குதித்தார். துப்பாக்கி சுடுவதிலோ கேட்கவே வேண்டாம், பிறவிக் குறிகாரி.

இங்கே ஒரு வேடிக்கையான அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்குப் பயிற்சியில் நாலு குதிப்பு, ஐந்தாவது எதிரியின் மண்ணில். பெண்களுக்கு மூன்றே போதும் என்று முடிவு. நாலாவது குதிப்பு நேரே எதிரியின் மண்ணில்! ஆனால் பாராசூட் வீரருக்கான இறக்கைச் சின்னம் தருவதற்கு ஐந்து கணக்கு நிறைய வேண்டும். ஆகவே பேர்ல் விதரிங்டனுக்குச் சின்னம் கிடையாது. அவர் 1943 செப்டம்பரில் பிரான்ஸில் குதித்தவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கெரில்லாக்களை நடத்தியவர். போர் முடிந்ததும் சிவில் பிரிவில் ஒரு விருதை நீட்டினார்கள். நான் செய்ததில் சிவில் எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இறக்கைச் சின்னம் 2006-ல் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது.

சரி, நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் பியூலி என்ற பண்ணைக்குப் போவோம். இதுதான் கடைசி வகுப்பு. வாத்தியார்களைப் பாருங்கள், சிரிப்பு வரும். முயல் பிடித்துக் காட்டில் பிழைப்பது எப்படி என்று சொல்லித்தருபவர் அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்கம் தோட்டத்தில் வேட்டைக் காவலராக இருந்தவர். ஃபிலிஸ் லாட்டூர் என்ற இளம்பெண்ணுக்கு உயரமான ஜன்னலில் ஏறுவதற்கும் கழிவுக் குழாய் வழியாக இறங்குவதற்கும் பாடம் எடுத்தவர், சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட ஒரு திருடர்! அரசாங்கம் மனது வைத்தால் கன்னக்கோலும் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிடும்.

நள்ளிரவில் கதவு படாரென்று திறக்கிறது. ஜெர்மன் சீருடை, கண்ணைக் கூசும் விளக்கு, உறுமல். தூக்கத்திலிருந்து இழுத்துவந்து நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். எல்லாம் நாடகம்தான். ஆனால் நூர் இனாயத் கானுக்கு அது நாடகமாகத் தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது, குரலே எழவில்லை.

நூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். 1914-ல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைஞானி ஹஸ்ரத் இனாயத் கான், அம்மா அமெரிக்கர், வளர்ந்தது பாரிஸ் அருகே. அப்பா வழியில் திப்பு சுல்தானின் வம்சம். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு அவர் பிள்ளைகளை ஆங்கிலேயர் நம் வேலூர்க் கோட்டையில்தான் கொண்டுவந்து அடைத்தார்கள். அந்த ஆங்கிலேயருக்காகவே அந்த வம்சத்துப் பெண் உயிரைப் பணயம் வைக்கப் போகிறார் என்றால் வரலாற்றுக்கும் குறும்பு உண்டுதான்.

நூர் வீணை வாசிப்பார், புத்தரின் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகமாகப் போட்டிருந்தார். பொய் மட்டும் வராது. பயிற்சி நாட்களில் சைக்கிளில் போனவரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி விசாரிக்க, உளவாளியாகப் பயிற்சி எடுக்கிறேன், இதோ வயர்லெஸ், பார்க்கிறீர்களா என்று கேட்டாராம்! மூளை அதிகமில்லை என்று பியூலி ஆசிரியர் அறிக்கை எழுத, பிரிவின் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர் ஓரத்தில் எரிச்சலோடு மறுத்துக் கிறுக்கினார்.

அந்தப் போலீஸ்காரர் கதையை நமக்குச் சொல்லிவைத்தவர் அமைப்பின் சங்கேதத் தலைவர் லியோ மார்க்ஸ். இன்னும் 23 வயது நிரம்பாத இளைஞர். சேரிங் கிராஸ் சாலை 84-ஆம் எண்ணில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவரின் பிள்ளை. அதுவரை உளவாளிகள் ஏதாவது புகழ்பெற்ற கவிதையை மனப்பாடம் செய்து அதை வைத்தே செய்தியைப் பூட்டினார்கள். புகழ்பெற்ற கவிதை ஜெர்மானியரின் நூலகத்திலும் இருக்குமே என்று தலையில் அடித்துக்கொண்ட மார்க்ஸ், தானே உட்கார்ந்து கவிதை எழுதித் தள்ளினார். சிலது கண்ணீர், சிலது சபையில் சொல்ல முடியாத ரகம். விமான விபத்தில் இறந்த தன் காதலிக்காக எழுதிய ஒன்றைத்தான் வயலெட்டுக்குக் கொடுத்தார்.

நூரைச் சந்திப்பதற்கு முன் மார்க்ஸ் அவருடைய ஜாதகக் கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தார். தப்பாகப் பூட்டிய செய்தி ஒவ்வொன்றும் ஒரு பொய் என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகு நூரின் பிழைகள் குறையத் தொடங்கின. சொல்லித்தருவதென்றால் இப்படிச் சொல்லித்தர வேண்டும்!

பிறகு கவிதையும் போய் பட்டு வந்தது. மெல்லிய பட்டுத் துணியில் பொடி எழுத்தில் சங்கேத வரிசைகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். காகிதம் என்றால் தடவிப் பார்க்கும்போது சரசரக்கும். பட்டு உள்பாவாடை மடிப்பில் மூச்சுக் காட்டாது. ஃபிலிஸ் லாட்டூர் தன் துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, அதைத் தட்டையான ஷூ லேஸுக்குள் செருகி, அந்த லேஸால் தலைமுடியைக் கட்டிக்கொண்டார். ஒருமுறை ஜெர்மானியர் உடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். சோதித்த பெண் அவர் தலைமுடியையே உற்றுப் பார்த்தாள். ஃபிலிஸ் லேஸை உருவிவிட்டுத் தலையை ஓர் உலுப்பு உலுப்பிக் காட்டினார். அவளுக்குத் திருப்தி. லேஸை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார் ஃபிலிஸ்!

உடுப்பு அறைக்கு வந்துவிட்டோம். கல்யாண வீட்டுப் பின்கட்டு மாதிரி ஒரே துணிமணி, நூல்கண்டு, பெட்டி, பேச்சு. தையல் இயந்திரத்தின் முன்னால் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதித் தையல்காரர்கள். ஆங்கிலேயர் பொத்தானைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பார்கள். பிரான்ஸில் நூல் இணையாக ஓட வேண்டும். காலர் வெட்டு வேறு, ஓரத் தையல் வேறு. லண்டன் கடைப் பட்டியைப் பிரித்து எடுத்துவிட்டு, அகதிகளின் பழைய கோட்டுகளிலிருந்து கத்தரித்த பிரெஞ்சுப் பட்டியைத் தைக்கிறார்கள். புதுத்துணி பளிச்சென்று இருந்தால் சந்தேகம் வரும் என்று தேய்த்துக் கசக்கிப் பழையதாக்குகிறார்கள். பல் மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலேயர் அடைத்த பல்லைத் தோண்டி, பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி தங்கம் வைத்து அடைக்கிறார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு கூத்து. பார்னெட் நெடுஞ்சாலை ஓரத்தில் தாட்ச்டு பார்ன் என்ற பழைய ஹோட்டல். அதை நடத்துபவர் எல்டர் வில்ஸ், சினிமாவில் கலை இயக்குநராக இருந்தவர். வெடிமருந்தைச் சாணி உருவத்தில் வார்த்து வர்ணம் பூசுகிறார்கள். மேலே வண்டிச் சக்கரம் ஏறினால் டமால். செத்த எலிக்குள் வெடி வைத்துத் தைத்தார்கள். கொதிகலன் பக்கத்து நிலக்கரிக் குவியலில் போட்டால் யாராவது அள்ளி நெருப்பில் எறிவார்கள் என்று திட்டம். முதல் எலி மூட்டையே ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்டது. ஓர் எலியும் வெடிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கே எலி செத்துக் கிடந்தாலும் ஜெர்மானியர் பதறிப் பதறித் தேட, வெடித்திருந்தால்கூட இவ்வளவு பலன் இருந்திருக்காது என்று இவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். இந்தக் கள்ளச் சாமான்களைப் பெரிய மனிதர்களுக்குக் காட்டும் கண்காட்சி எங்கே இருந்தது தெரியுமா? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள்!

வயர்லெஸ் பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறீர்களா? சுமார் 15 கிலோ. பார்வைக்குச் சாதாரணத் தோல் பெட்டி. இதைச் சுமந்துகொண்டு லேசாக நடப்பது போல நடிக்க வேண்டும். வயர்லெஸ் ஆள் சராசரியாக ஆறு வாரம் தாக்குப்பிடிப்பார் என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

மறுமுனையில் கிரெண்டன் அண்டர்வுட்டில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் கூட்டம் இரவும் பகலுமாக உட்கார்ந்திருக்கிறது. பலருக்கு வயது இருபதைத் தொடவில்லை. ஒவ்வொரு உளவாளியும் மோர்ஸ் தட்டுகிற கைவாகு இவர்களுக்குப் பழக்கம். முகம் தெரியாத ஒருத்தியின் விரல் தாளத்தை வைத்தே அவள்தானா என்று சொல்லிவிடுவார்கள். குழம்பிய செய்தி வந்தால் விடிய விடிய ஆயிரக்கணக்கான வழிகளில் அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

செய்திகளில் சிரிப்பும் வரும். அமெரிக்கரான வெர்ஜினியா ஹாலுக்கு ஒரு கால் மரக்கால். அதற்கு கத்பர்ட் என்று பெயர் வைத்திருந்தார். 1942 நவம்பரில் பைரனீஸ் மலையைப் பனியில் நடந்து தாண்டும் முன், கத்பர்ட் தொல்லை தரமாட்டான் என்று நம்புகிறேன் என்று லண்டனுக்குத் தகவல் அனுப்பினார். மரக்கால் சமாசாரம் தெரியாத யாரோ, தொல்லை தந்தால் தீர்த்துக்கட்டிவிடு என்று பதில் போட்டுவிட்டார்!

1943 ஜூன் 16. டாங்மியர் விமானதளத்துக்கு எதிரே ஒரு சிறு வீடு. வேரா அட்கின்ஸ் வந்திருக்கிறார். ருமேனியாவில் பிறந்தவர், பிரெஞ்சுப் பிரிவின் மூளை. ஒவ்வொருவர் பையையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடுகிறார். லண்டன் பஸ் டிக்கெட், ஆங்கிலத் தீப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. பதிலுக்குப் பாரிஸ் மெட்ரோ டிக்கெட், கசங்கிய கடிதம். பக்மாஸ்டர் பெண்களுக்குத் தங்கப் பவுடர் டப்பா பரிசளிப்பது வழக்கம்; பணமுடை வந்தால் விற்றுக்கொள்ளலாம். விஷ மாத்திரையும் உண்டு, வேண்டுமென்றால். வேராவின் கோட்டில் குத்தியிருந்த வெள்ளிப் பறவை ப்ரூச்சை நூர் அழகாயிருக்கிறது என்கிறார். வேரா அதைக் கழற்றி நூரின் உடையில் குத்திவிடுகிறார்.

வெளியே லைசாண்டர் விமானம். விமானியோடு சேர்த்து நாலு பேர் நசுங்கி உட்காரலாம். பக்கவாட்டில் நிரந்தரமாக ஓர் ஏணி. பிரான்ஸின் ஏதோ ஒரு வயலில் மூன்று டார்ச் விளக்குகளைத் தலைகீழ் எல் வடிவில் பிடித்திருப்பார்கள். இறங்கி, ஆள் மாற்றிக்கொண்டு, சில நிமிடத்தில் எழும்பிவிட வேண்டும். நிலா இருந்தால்தான் எல்லாம். மேகம் மூடினால் வீட்டுக்குத் திரும்பி மறுபடி பொத்தான், மறுபடி பை, மறுபடி விடைபெறல். அன்று நிலா இருந்தது. நூரோடு டயானா ரவுடனும் செசிலி லெஃபோரும் போனார்கள்.

அங்கே அவர்களைத் தடுக்கி விழ வைத்தவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். நூர் போன புதிதில் கோப்பையில் முதலில் பாலை ஊற்றி அதன்மேல் தேநீரை ஊற்றினார். அது அச்சு அசல் இங்கிலாந்து வழக்கம், பிரெஞ்சுத் தோழிகள் பதறித் திருத்தினார்கள். ஒருவர் ஓட்டலில் கறுப்புக் காப்பி கேட்டுவிட்டார். பாலுக்குத் தட்டுப்பாடான ஊரில் ஓட்டல் காப்பி என்றாலே கறுப்புதானே! நான்சி வேக் பாராசூட்டோடு மரத்தில் தொங்கினார். பிரான்ஸ் மரங்கள் எல்லாம் இவ்வளவு அழகாகக் காய்க்கட்டும் என்று வழிந்த பிரெஞ்சுக்காரரை மரத்திலிருந்தபடியே திட்டினார். வயலெட் முதல் பயணத்தில் வேலையை முடித்துவிட்டுப் பாரிஸில் நல்ல கவுன்களாகப் பார்த்து வாங்கி வந்தார். 23 வயது ஃபிலிஸ் 14 வயதுச் சிறுமியாக நடித்து, சைக்கிளில் சோப்பு விற்றபடி, நார்மண்டியிலிருந்து 135 செய்திகள் அனுப்பினார்.

பாலும் காப்பியும் சிரிக்கவைத்த ஊரில்தான் நூரின் குழு சில நாட்களிலேயே ஒட்டுமொத்தமாகப் பிடிபட்டது. திரும்பி வா என்றது லண்டன். மாட்டேன் என்று மூன்று மாதத்துக்கு மேல் பெட்டியோடு வீடு வீடாக மாறிப் பாரிஸிலிருந்து செய்தி அனுப்பினார். பணத்துக்காக யாரோ காட்டிக்கொடுக்க, அக்டோபரில் கைது. இரண்டு முறை தப்பிக்கப் பார்த்தார். பிறகு மாதக்கணக்கில் சங்கிலி. 1944 செப்டம்பர் 13, டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை நாடகத்தில் குரல் எழாத பெண்ணிடமிருந்து, உண்மையான விசாரணையில் ஜெர்மானியரால் ஒரு பெயரைக்கூடக் கறக்க முடியவில்லை. டயானாவும் செசிலியும் முகாம்களில் கொல்லப்பட்டார்கள். வயலெட்டை ராவன்ஸ்புரூக்கில் கொன்றார்கள். அவர் பெற்ற ஜார்ஜ் கிராஸ் விருதை அரசர் கையிலிருந்து வாங்கியது நாலு வயது மகள் டானியா.

39 பேரில் 13 பேர் திரும்பவில்லை. போர் முடிந்ததும் வேரா அட்கின்ஸ் ஜெர்மனிக்குப் போய், சிறைக் காவலர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, தன் பிரிவில் காணாமல் போன 118 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். ஃபிலிஸ் உயிரோடு திரும்பி நியூசிலாந்தில் குடியேறினார். அவர் யார் என்பது பிள்ளைகளுக்கே 2000 வாக்கில்தான் தெரிந்தது. 2023-ல் 102 வயதில் மறைந்தார்.

லண்டன் போகிறவர்கள் பேக்கர் தெருவில் ஷெர்லாக் ஹோம்ஸ் அருங்காட்சியகத்துக்கு எப்படியும் போவீர்கள். ஹோம்ஸ் கற்பனை. அதே தெருவில் 64-ஆம் எண், எஸ்.ஓ.இ. தலைமையகம் இருந்த கட்டடம், நிஜம். சுவரில் பெயர்ப்பலகை இருக்கிறது. டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிட்டு, அப்படியே கார்டன் சதுக்கத்தில் நூரின் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.